போகாத ஊரின் இனிப்பு

ஜன்னலை ஒட்டி மொரிதா. அவர் மேற்பார்வையாளர்.

அவருக்கு வலப்பக்கம் ஒகாதா. குளிர்சாதனப் பெட்டியருகே இரவுப் பணி முடித்த இருவர். எதிர் வரிசையில் மூன்று பேர். கதவோரம் சமையற்காரர். கடைசி முக்காலியில் இவள்.

ஒன்பது.

கண்ணை மூடி நாற்காலி நாற்காலியாக எண்ணினாள். இவள் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தின் தேநீர் அறை அப்படியே கண்ணுக்குள் இருந்தது. இவள்தான் ஒசாகா ஸ்டேஷனில், ஓர் இனிப்புக் கடை முன்னால் நின்றிருந்தாள்.

"பத்து இருக்கிற பெட்டி போதும்" என்றாள் இவள்.

எப்சிபா இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். இருவரும் பாளையங்கோட்டையில் ஒன்றாக நர்சிங் படித்தவர்கள். ஐந்து நாளாக இவளைத் தன் அறையில் வைத்துக்கொண்டவள் அவள்தான்.

"ஏட்டி, போவாத ஊருக்கு எதுக்குட்டி முட்டாயி?"

"போறேன்னு சொல்லியாச்சுல்லா."

விடுப்புக் கேட்டபோது எங்கே போகிறாய் என்றார்கள். எதிரே காலண்டரில் கனசாவா நகரத்துப் படம். கனசாவா என்றுவிட்டாள்.

ஊர் சுற்றப் போனவர் அந்த ஊர் இனிப்போடு திரும்ப வேண்டும். ஆளுக்கு ஒன்று. இங்கே அது சட்டமில்லை. சட்டத்தைவிடக் கொஞ்சம் கூடுதல்.

போனது ஸ்டேஷனுக்கு எதிரே இருந்த ஆஸ்பத்திரிக்கு.

இடது மார்பில் ஒரு கட்டி. அம்மாவைக் கொண்டுபோனதும் இடதில் வந்ததுதான்.

முதல் நாள் ஸ்கேன். இரண்டாம் நாள் ஊசியால் கட்டியிலிருந்து கொஞ்சம் சதை எடுத்தார்கள். நடுவில் இரண்டு நாள் எதுவுமில்லை. அந்த இரண்டு நாள்தான் நீளம்.

இன்று டாக்டர், ஒன்றுமில்லை, வெறும் கொழுப்புக் கட்டி என்றார். இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டாள். அவர் மெதுவாக இன்னொரு தடவை சொன்னார்.

கடையில் இருந்தவை, அரிசி மாவும் சர்க்கரையும் சேர்த்து அச்சில் அழுத்திய பூக்கள். கனசாவாவில் செய்து இங்கே விற்பனைக்கு வந்தவை. எப்சிபா கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"நம்ம சீனி முட்டாயிதானட்டி. பூவாக்கி வெலைய ஏத்திட்டான்."

இவளுக்குச் சிரிப்பு வந்தது. நிற்கவில்லை. விஷயம் புரியாமலே கடைப்பெண்ணும் சேர்ந்து சிரித்தாள்.

மறுநாள் காலை பத்து மணி. தேநீர் அறையில் எல்லோரும் அவரவர் இடத்தில்.

பனி இருந்ததா என்று ஒகாதா கேட்டார். இருந்தது என்றாள்.

மொரிதா பெட்டியின் மேல்தாளைக் கிழிக்காமல் பிரித்தார். அப்போதுதான் இவள் பார்த்தாள். தாளின் ஓரம் முழுக்க அச்சடித்திருந்தது, ஒசாகா ஸ்டேஷன் கடையின் பெயர்.

தேநீர்க் கோப்பை உதட்டிலேயே நின்றது.

மொரிதா தாளை இரண்டாக மடித்தார். நான்காக மடித்தார். அச்சுப் பக்கம் உள்ளே போனது. ஏப்ரன் பைக்குள் வைத்துக்கொண்டு பெட்டியை ஒகாதா பக்கம் நகர்த்தினார்.

எல்லோரும் வேலைக்குத் திரும்பிய பிறகு இவள் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். மொரிதா அருகில் வந்து நின்றார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"மூணு வருஷம் முன்னால நானும் இதே கடையிலதான் வாங்கினேன். அந்த ஆஸ்பத்திரியை விட்டு ஸ்டேஷனுக்குள்ள வந்தா மொதக் கடை அதுதானே."

இவள் குழாயை மூடினாள்.

"ஒண்ணும் இல்லைதானே?"

"ஒண்ணும் இல்லை."

அவர் தலையை ஆட்டினார். அதுவரை விரலிடுக்கில் பிடித்திருந்த பூவை அப்போதுதான் வாயில் போட்டார்.

மதியம் தபால் நிலையத்தில், சுவரோரப் பலகையில் தாளை வைத்து எழுதினாள். அக்காவிடம் போனில் பேசினால் அவள் மாமியார் ஸ்பீக்கரில் போடச் சொல்வாள். கடிதமென்றால் அக்கா வேலை பார்க்கும் நூலகத்துக்கே போகும்.

அன்புள்ள உலகம்மாக்காவுக்கு. நான் கனசாவா போகவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

என்றைக்கு என்ன பார்த்தார்கள், என்ன சொன்னார்கள் என்று வரிசையாக எழுதினாள். நான் நன்றாக இருக்கிறேன் என்று எழுதி, கீழே கோடிட்டாள். நீயும் ஒரு தடவை பார்த்துவிடு என்று எழுதினாள்.

எழுதி முடித்து மடிக்கும்போதுதான் அந்தக் குரல் நினைவுக்கு வந்தது. போன மாதம் அக்காவின் மாமியார் போனில் சொன்னது.

"மூணு நாளு திருச்செந்தூர்ல கெடந்திருக்கா. ஒரு சில்லுக் கருப்பட்டி உண்டா? வெறுங்கைய வீசிட்டு வந்து நிக்கா ஒங்கக்கா."

அன்றைக்கு அதைக் கேட்டுச் சிரித்திருந்தாள்.

அக்கா இருக்கும் கடையநல்லூரிலிருந்து திருச்செந்தூருக்குத் திருநெல்வேலி வழியாகத்தான் போக வேண்டும். பெரிய ஆஸ்பத்திரி இருப்பதும் திருநெல்வேலியில்தான்.

தாளைப் பிரித்தாள். கீழே கொஞ்சம் இடம் இருந்தது.

அக்கா, நீ திருச்செந்தூர் போனாயா? எதுவானாலும் எனக்கு மட்டும் எழுது. நான் யாரிடமும் சொல்ல மாட்டேன்.

பசை தடவி ஒட்டினாள். ஓரங்களை நகத்தால் அழுத்தினாள்.

உள்ளே என்ன என்று கவுண்டரில் கேட்டார்கள்.

கடிதம் மட்டும்தான் என்றாள்.

முத்திரை விழுந்தது.