பதினெட்டுக் காதுக்கருவிகள்

சூசோ நகரத் தோட்டத்தையும் கால்வாய் ஊரையும் சுற்றிக் காட்டிவிட்டு, பயணிகள் பதினெட்டுப் பேரையும் பஸ்ஸில் ஏற்றினேன். என் பேச்சைக் கேட்கக் காலையில் கொடுத்திருந்த காதுக்கருவிகளையும் திரும்ப வாங்கி எண்ணினேன். பதினெட்டும் இருந்தன.

"சரியா எண்ணுனியா, மின்ஜுவான்? போன மாசம் ஒருத்தரைத் தாமரைக் குளத்துக்கிட்டயே விட்டுட்டு வந்தியே," என்றார் டிரைவர் தாங், தேநீர்க் குடுவையை மூடியபடி.

"ரெண்டு தரம் எண்ணியாச்சுண்ணே. கிளம்புங்க."

"உன்னையும் சேத்தா?"

"கைடு எங்கண்ணே தன்னை எண்ணப் போறா?"

பஸ் நகர்ந்தது. பெட்டியில் ஒரு கருவியில் மட்டும் பச்சை விளக்கு அணையவில்லை. பழக்கத்தில் எடுத்துக் காதில் வைத்தேன். என் மைக்கை அணைத்துப் பைக்குள் போட்டு அரை மணி ஆகியிருந்தது.

யாரோ கல்பாலத்தில் மூச்சிரைக்க ஓடிவரும் சத்தம் கேட்டது. பிறகு என் குரல்.

"தாங் அண்ணே, நில்லுங்க. நான் இன்னும் ஏறல."

தாங் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "என்ன, யாரையாவது விட்டுட்டமா?"

மைக்கிலிருந்து நூறு மீட்டரைத் தாண்டினால் அந்தக் கருவியில் எதுவும் கேட்காது. குரல் கரகரத்துத் தேய்ந்துகொண்டிருந்தது.

"இல்லண்ணே. கொஞ்சம் வேகமாப் போங்க," என்றேன்.