ரீஸ்டார்ட் ஞாயிறு

"நாலு வருஷமா லினக்ஸ் லினக்ஸ்னு தலைபாடா அடிச்சுக்கிட்டது நீதானாமே தம்பி? இப்ப நானே வாங்கித் தர்றேன்னா வேண்டாம்ங்கறே!"

புது மேலாளர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அவனைப் பார்த்தார். அந்தம்மா பொறுப்பேற்று ஒரு வாரம்தான் ஆகிறது. ஆஸ்பத்திரிகளுக்கு மருந்து அனுப்பும் கம்பெனி அது. அதன் டேட்டாபேஸ் சர்வருக்குப் புது ஆப்பரேட்டிங் சிஸ்டம் தேர்ந்தெடுப்பதுதான் அவருடைய முதல் வேலை. லினக்ஸுக்கு மாறலாம். இல்லையென்றால் இருப்பதிலேயே புதுப் பதிப்பைப் போட்டுக்கொள்ளலாம்.

"பழசுன்னா எல்லாருக்கும் பழக்கம் மேடம்" என்றான் பகல் ஷிஃப்ட் இன்ஜினியரான அவன். "ஓடற வண்டிய எதுக்கு மாத்தணும்?"

"எங்கே ஓடுது? மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை அதை நிறுத்தி, அப்டேட் போட்டு, மறுபடி ஓட்டணும். அதுக்கு நீயும், ராத்திரி ஷிஃப்ட் பொண்ணும் ஒண்ணா வந்து காவல் இருக்கணும். லினக்ஸ்ல சர்வரை நிறுத்தாமலே அப்டேட் போடலாம்னு எனக்குச் சொல்லிக் குடுத்ததே நீதான்!"

கண்ணாடிச் சுவருக்கு அப்பால், சர்வர் அறையில் பச்சை விளக்குகள் சிமிட்டிக்கொண்டிருந்தன. அந்த ஞாயிறுதான் அவனுக்கு வேண்டும். அதை எப்படி வாய்விட்டுச் சொல்வது?

மாதம் முழுக்க அவன் இருக்கும்போது அவள் இருக்க மாட்டாள். அவள் வரும்போது அவன் கிளம்பியிருப்பான். பகலுக்கும் இரவுக்கும் சேர்த்து இருவருக்கும் இந்த ஒரே நாற்காலிதான். அந்த ஒரு ஞாயிறு மட்டும் அவள் எதிரே இருப்பாள். விசையைத் தட்டுவாள். சர்வர்களின் இரைச்சல் மெல்லத் தணியும். திரையில் அப்டேட் ஊர்ந்துகொண்டிருக்கும். அது நூறைத் தொடும்வரை யாருக்கும் எந்த வேலையும் கிடையாது.

அந்த அமைதியில் அவள் மோவாயைக் கையில் தாங்கிக்கொண்டு ஏதாவது சொல்வாள். மழையைப் பற்றி, கனவில் வந்த பெயர் தெரியாத ஓர் ஆற்றைப் பற்றி. அவன் பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றுவான். அந்த ஆற்றுக்கு அடியில் இருவரும் உட்கார்ந்திருப்பது போல இருக்கும். பிறகு ஒரு பச்சை விளக்கு எரியும், இன்னொன்று எரியும், சர்வர் விழித்துக்கொள்ளும். பாழாய்ப்போன சர்வர், ஒரு நாளாவது தாமதமாக விழித்ததில்லை.

லினக்ஸ் வந்தால் அதுவும் போய்விடும்.

"என்ன தம்பி, கனவா?"

அவன் திடுக்கிட்டான். மேலாளரின் பார்வை அவன் கைமேல் இருந்தது. நாற்காலியில் அவள் விட்டுப்போன சால்வையை அவன் தன்னையறியாமல் நான்காக மடித்துக்கொண்டிருந்தான்.

அவர் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "உன் வயசைத் தாண்டித்தானே நானும் வந்திருக்கேன். உன் கவலை சர்வரைப் பத்தி இல்லை. சரிதானே?"

அவன் காது சிவந்தது. "அது வந்து... மேடம்..."

"அந்தப் பொண்ணு கல்யாணமானவ தம்பி."

"தெரியும் மேடம்."

"தெரிஞ்சுமா!" அவர் தலையில் அடித்துக்கொள்ளாத குறைதான். "ஒரு குழந்தை வேற இருக்கு."

"அதுவும் தெரியும் மேடம்."

"நல்லா இருக்குய்யா நியாயம்! சரி, அவ என்ன சொல்றான்னு கேளு. லினக்ஸ்தான் வேணும்னு ஒத்தைக் கால்ல நிக்கறா."

அவனுக்குச் சுருக்கென்றது. அந்த ஞாயிறு அவளுக்கு வேண்டாமா? டீ, மழை, ஆறு எல்லாம் தனக்கு மட்டும்தானா?

"ஏனாம்?" என்றான்.

"லினக்ஸ் போட்டு, துணைக்கு இன்னொரு சர்வரும் வெச்சுட்டா, ஒண்ணு படுத்தாலும் இன்னொண்ணு தானா வேலையை எடுத்துக்குமாம். ஏதாவதுன்னா போனுக்குத் தகவல் வந்துடுமாம். ராத்திரி முழுக்க ஆள் எதுக்கு உட்காரணும்னு கேட்டா. நியாயம்தானே? நீயும் லினக்ஸ்தான் சொல்வேன்னு நம்பி, இன்னிக்குக் காலையில அவளுக்குப் போன் போட்டுச் சரின்னுட்டேன். அடுத்த மாசத்துலேர்ந்து ராத்திரி ஷிஃப்டே கிடையாது. அவளும் பகலுக்கு வந்துடறா."

அவன் சால்வையை இறுகப் பிடித்தான். பழைய மேலாளர் சுவர் மாதிரி எழுப்பி வைத்திருந்த ராத்திரி ஷிஃப்ட். அதை இடிக்கலாம் என்று அவனுக்குத் தோன்றியதே இல்லை. மாதத்தில் ஒரு மணி நேரத்தைக் காப்பாற்றுவதிலேயே குறியாக இருந்துவிட்டான்.

"உடனே சந்தோஷப்படாதே" என்றார் மேலாளர். "அவ பகலுக்கு வர்றது உனக்காக இல்லை. ராத்திரி வீட்டுல இருக்கணுமாம். வீட்டுக்காரர் உள்ளே வர்ற நேரம் இவ வெளியே கிளம்பறாளாம். வார லீவுகூட வேற வேற நாளாம். தினமும் குழந்தையைத் தட்டித் தூங்க வைக்கறது அந்த மனுஷன்தானாம், பாவம். நான் சரின்னதும் தூக்கக் கலக்கத்துலயே அழுதுட்டா. அப்பேர்ப்பட்ட மனுஷனுக்கு நீ துரோகம் நினைக்கலாமா?"

அவன் சால்வையைப் பிரித்து மறுபடி மடித்தான்.

"இன்னொண்ணு. இதை நீ யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாது. சாயங்காலம் வீட்டுக்காரர் வந்ததும், முதல்ல அவர் காதுலதான் போடணும்னு ஆசையா இருக்கா."

அவன் சால்வையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினான். அழுகிறானா சிரிக்கிறானா என்று மேலாளருக்குப் புரியவில்லை.

"முதல்ல அவர் காதுலதான் மேடம் போட்டிருக்கீங்க" என்றான், கண்ணைத் துடைத்துக்கொண்டு.