வெள்ளை பல்ப்

இரவில் பாதை சரியாகத் தெரிவதில்லை என்று அப்பா போன கிழமை காரின் முன் லைற்றுகளுக்கு வெள்ளை பல்ப் போட்டார். நேற்று இரவு அம்மாவுக்கு மூச்சு இழுப்புக் கூடியது. நானும் அம்மாவும் பின் இருக்கையில் ஏற, புளியங்கூடலில் இருந்து யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டோம்.

கடலுக்கு நடுவே போகும் பாதையில் வெளிச்சம் நெடுந்தூரம் விழுந்தது. இரண்டு ஓரமும் ஆட்கள் வரிசையாக நின்று கை காட்டினார்கள். பழைய பல்பில் நாங்கள் அங்கே ஒருவரையும் கண்டதில்லை.

கடைசி பஸ் போனபிறகு கை காட்டுபவரை எங்கள் பக்கத்தில் யாரும் விட்டுப்போவதில்லை. அப்பா வேகத்தைக் குறைத்தார்.

"நிப்பாட்டாதேங்கோ அப்பா. அம்மாக்கு ஏலாமக் கிடக்கு."

"விட்டுட்டுப் போனா ஊர் காறித் துப்பும் பிள்ளை. ஒராளை மட்டும் ஏத்துவம்."

பின்கதவு திறந்து மூடியது. யாரும் ஏறியதை நான் காணவில்லை. அம்மா மட்டும், "இருங்கோ அக்கா," என்று என் பக்கம் தள்ளி இருந்தார்.

அப்பா மறுபடியும் நிறுத்தினார். பிறகும் நிறுத்தினார். ஒவ்வொரு தடவையும் அம்மா இன்னும் நெருங்கினார். கடைசியில் என் மடியிலேயே இருந்தார். பக்கத்து இருக்கை முழுவதும் வெறுமையாகக் கிடந்தது.

"இனி இடமில்லையெண்டு சொல்லு பிள்ளை," என்று அம்மா மூச்சுத் திணறச் சொன்னார்.

நான் வெறும் இருக்கையைப் பார்த்து, "இடமில்லை," என்றேன். அப்பா திரும்பவும் பிரேக்கை மிதித்தார்.