விட்டுப்போன பெயர்

"இதுல என் பேரு எங்கடா போச்சு?"

புருல் இரண்டு தாள்களையும் மேஜையில் அருகருகே வைத்தாள். எதிரே தாலாய் குல்லாயைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றான்.

கிர்கிஸ்தான் தலைநகர் பிஷ்கெக்கில் மொழிபெயர்ப்பு படிக்கும் பிள்ளைகளுக்குக் கதை எழுதச் சொல்லித் தருகிறவள் புருல். பிள்ளைகள் அக்கா முறை வைத்து எஜே என்பார்கள். அவரவர் வீட்டு மொழியில் எழுத வேண்டும். இன்னொருவர் அதைக் கிர்கிஸில் பெயர்த்து வகுப்பில் வாசிக்க வேண்டும். அதுதான் பாடம்.

ஜுஹ்ரா துங்கான் என்னும் சிறுபான்மை இனத்துப் பெண். அவள் எழுதியதைப் பெயர்த்தவன் தாலாய். துங்கான் கிராமத்தில் வளர்ந்த கிர்கிஸ் பையன். வகுப்பில் வேறு யாருக்கும் அந்த மொழி தெரியாது.

புருலுக்கும் தெரியாது. ஆனால் வாசித்த அன்றே உறுத்தியது. எல்லாரும் கைதட்டினார்கள், எழுதியவள் மட்டும் தட்டவில்லை. புருல் இரண்டு தாளையும் வாங்கிப் பார்த்தாள். மொழி வேறானாலும் எழுத்து ஒன்றுதானே? மூலத்தில் தன் பெயர் இரண்டு இடத்தில் இருந்தது. தாலாயின் தாளில் ஓரிடத்திலும் இல்லை.

"இடம் போதலை, எஜே."

"பாதிப் பக்கம் காலியாக் கெடக்கு. யாருக்குக் காது குத்துற?"

பையன் தரையைப் பார்த்தான்.

"அந்தப் பொண்ணுக்கு என்மேல எவ்வளவு பிரியம்னு எனக்குத் தெரியும். மகளிர் தினத்துக்குத் துறை முழுசுக்கும் அஷ்லான்ஃபு நூடுல்ஸ் செஞ்சு தூக்கிட்டு வந்தவ. என்னைப் பத்தி நல்லதா நாலு வார்த்தை எழுதியிருக்கா. உனக்கு வயித்தெரிச்சல்."

"அப்படியெல்லாம் இல்ல, எஜே."

"அப்ப உனக்கும் அவளுக்கும் என்ன?"

"எனக்கு ஊர்ல நிச்சயம் ஆயிடுச்சு, எஜே."

"மூலத்துல இருக்கிறதை முழுங்கினா அவன் மொழிபெயர்ப்பாளன் இல்ல, திருடன். நான் முட்டை போட்டா உன் இலவச சீட்டு போயிடும். ஒரு வரி விடாம இப்பவே சொல்லு. இல்லேன்னா அவளையே கூப்பிட்டுக் கேக்கறேன்."

பையன் மிரண்டான். "அவ வேணாம், எஜே. நானே சொல்றேன்."

தாளை எடுத்தான். குரல் இறங்கிவிட்டது.

"'வகுப்புல நான் பக்கத்துல உக்காந்தா ஐதாயும் குபாத்தும் மூக்கைப் பொத்திக்கிறாங்க. பூண்டு மூட்டை வந்துடுச்சும்பாங்க. புருல் எஜேயும் பார்த்தாங்க. அவங்களும் சிரிச்சாங்க.'"

புருல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "ம். மேல."

"'மகளிர் தினத்துக்கு அஷ்லான்ஃபு கொண்டு வான்னாங்க புருல் எஜே. அம்மாவும் நானும் கை வலிக்க நூடுல்ஸ் வெட்டினோம். எல்லாரும் சாப்பிட்டாங்க. என்னை யாரும் உக்காருன்னு சொல்லலை. இந்த வகுப்புல ஒருத்தர்கூட என்னோட ரொட்டி பிட்டுச் சாப்பிட்டதில்லை.'"

"நீ வாசிச்சது இது இல்லையே."

"இல்ல, எஜே. ஐதாய் நகர்ந்து இடம் குடுப்பா, குபாத் ரொட்டியில முதல் துண்டை எனக்குத் தருவான்னு அவ எழுதின மாதிரி வாசிச்சேன்."

"பச்சைப் பொய்."

"அன்னைக்குப் பொய்தான். உள்ளபடி வாசிச்சிருந்தா சண்டைக்கு வந்திருப்பாங்க. புகழ்ந்து வாசிச்சதும் ரெண்டு பேர் மூஞ்சியும் செத்துப்போச்சு. மறுநாளே ஐதாய் பக்கத்துல வச்சிருந்த பையை எடுத்துட்டு அவளுக்கு இடம் விட்டா."

"ஜுஹ்ராவுக்குத்தான் கிர்கிஸ் தெரியுமே. கேட்டுட்டு சும்மாவா இருந்தா?"

"என்னை எரிக்கிற மாதிரி பார்த்தா. அப்புறம் குபாத் ரொட்டியை நீட்டினான். கொஞ்ச நேரம் யோசிச்சா. வாங்கிக்கிட்டா."

கீழே முற்றத்தில் மூன்று பேரும் ஒரே பெஞ்சில் இருந்தார்கள். ஜுஹ்ரா எதையோ சொல்ல, குபாத் தேநீரைச் சிந்திக்கொண்டு சிரித்தான்.

புருல் மதிப்பெண் போடப் பேனாவைத் திறந்தாள். போடவில்லை.

"சரிடா. அவங்க ரெண்டு பேரையும் நல்லவங்களா மாத்தி எழுதினே. எனக்கும் அப்படி ரெண்டு வரி எழுதியிருக்கலாமே. என்னை மட்டும் ஏன் விட்டே?"

தாலாய் குல்லாயைத் தலையில் வைத்துக்கொண்டான்.

"அவங்க மாறுவாங்கன்னு நம்பிக்கை இருந்துச்சு, எஜே."