தாதர் முட்டை

“கடை முட்டைய அடை வச்சு எந்த ஊர்லட்டி குஞ்சு பொரிச்சிருக்கு?”

தாராவியின் அந்தத் தகர வீடுகளுக்குப் பின்னால், இரண்டு குடும்பத்துக்கும் பொதுவாக ஒரு துண்டு முற்றம். அங்கே இடுப்பில் கைவைத்து நின்றாள் பக்கத்து வீட்டு முப்பிடாதியம்மாள்.

சாயிரா கூடையில் முட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். பாலில் முக்கி எடுத்தது போன்ற வெள்ளை முட்டைகள். அவளுடைய கோழி விறகுக்குப் பின்னால் ஒளித்து ஒளித்து இட்டதையெல்லாம் பெருச்சாளி தின்று தீர்த்திருந்தது. அது தெரியாமல் வெறுங்கூடையில் அடைகிடந்த கோழியைப் பார்த்து அவள் அழுத அழுகையில், புருஷன் அபுதாஹிர் தோல் கிடங்கு வேலை முடிந்ததும் தாதர் வரை போய் வாங்கி வந்தவை இவை. பெண்டாட்டி கண்ணீர் என்றால் அவன் தாதர் என்ன, கல்யாண் வரை போவான்.

“பண்ணைக் கோழி சேவல் மூஞ்சியவே பாத்திருக்காதுட்டி. எல்லாம் கூமுட்டையாத்தான் போவும்.”

“மச்சான் ஆசையா வாங்கிட்டு வந்ததுக்கா. பொரிக்கும். பொரிக்கலன்னா இந்தப் பம்பாய் எனக்கு ஆகாதுன்னு அர்த்தம். ரயிலேறி எங்கம்மாகிட்ட போயிருவேன். மச்சான்கிட்டயும் சொல்லிட்டேன்.”

விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. முப்பிடாதியம்மாள் முற்றத்தில் சேவலோடு மேய்ந்துகொண்டிருந்த தன் கோழி கருப்பியை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

“சரி, கோழியத் தூக்கிட்டுப் போயி குழாயடியில தண்ணி காட்டு. பேன் பிடிக்காம கூடையில சாம்பல் போட்டு வைக்கேன். ஆனா ஒண்ணு, அடையில ஒக்காந்த பொறவு முட்டையப் பாக்கவே கூடாது. கண்ணு பட்டா கூழாயிரும்.”

சாயிரா திரும்பி வந்ததும் கோழியை வாங்கி இருட்டு மூலையில் இருந்த கூடையில் முப்பிடாதியம்மாளே உட்கார வைத்தாள். மத்தியானம் முட்டைக் குழம்பும் கொண்டுவந்தாள். சாயிரா சப்புக்கொட்டி, இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

“ஏதுக்கா இத்தனை முட்டை?”

“எல்லாம் நம்ம கருப்பி போட்டதுதான்.”

அதற்குப் பிறகு சாயிராவுக்குப் பகலெல்லாம் கனவு. அடுப்பில் சோறு குழையும். அவள் கண்ணுக்கு முன்னே மஞ்சள் குஞ்சுகள் முற்றம் முழுக்க உருண்டு ஓடும். வானத்தில் பருந்து வட்டமிடும். அவள் முக்காட்டை விரிப்பாள், அது சிறகாகிவிடும். குஞ்சுகளெல்லாம் அதற்குள் வந்து புகுந்துகொள்ளும். தூரத்தில் ரயில் கூவினால்தான் விழிப்பு வரும். கோழி தீனிக்கு இறங்கும்போதெல்லாம் கண்ணை இறுக மூடிக்கொள்வாள்.

மூன்று வாரம் போனது. ஒரு காலையில் கூடைக்குள்ளிருந்து கீச்சென்று ஒரு குரல். அப்புறம் இன்னொன்று.

“அக்கா! பொரிச்சிட்டுக்கா! பம்பாய் என்னைப் போவச் சொல்லலக்கா!”

ஓடிவந்த முப்பிடாதியம்மாளைக் கட்டிக்கொண்டு அழுதாள், சிரித்தாள். பிறகுதான் ஒரு குஞ்சைக் கையில் எடுத்தாள். மஞ்சள் இல்லை, கன்னங்கரேல். கழுத்தில் மயிரில்லை. முற்றத்தில் மேய்ந்துகொண்டிருந்த கருப்பிக்கும் அதே மொட்டைக் கழுத்து.

உடைந்த ஓட்டைப் பார்த்தாள்.

“ஓடு ஏன்க்கா செவப்பா இருக்கு?”

“அடைச் சூட்டுல செவந்திருக்கும்.”

சாயிரா குஞ்சைப் பார்த்தாள், கருப்பியைப் பார்த்தாள், முப்பிடாதியம்மாளைப் பார்த்தாள். வாய் மெல்லத் திறந்தது.

“அப்போ, அன்னைக்கு நான் ரெண்டு தடவ வாங்கித் தின்ன குழம்பு...”

“பொறவு? ஒன் மச்சான் ஆசையா வாங்கிட்டு வந்ததுல்லா, ஒனக்குக் குடுக்காம நான் மட்டும் திங்க முடியுமாட்டி?”