அஞ்சு கம்பி

"வெர்னன் ஹேல் எண்டவன்ர பாட்டில எது திறம்?"

வாசலில் நின்று கேட்டவரைப் பார்த்ததும் ஸெய்னுதீனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

வெள்ளை வேட்டி. நெற்றியில் திருநீறு. ஒரு கிழமையாய் மழிக்காத நரைத்த தாடி. கோணேசர் கோயிலுக்குப் போகவேண்டிய மனிதர், வழி தவறி, கசற்றில் பாட்டுப் பதிந்து கொடுக்கும் தன் றெக்கோட்டிங் கடைக்கு வந்துவிட்டாரோ?

"பாட்டை விட அவன்ட கிற்றார்தான் ஐயா பெரிசு. ஆருக்கு?"

"மகனுக்கு. ஒரு கசற்தான். பிழை வரக் கூடாது. இண்டைக்கே வேணும்."

வீட்டில் ஒரு பெட்டி நிறைய ஹேல் கசற் இருக்கிறதாம். ஒன்றிலும் பெயர் எழுதியில்லையாம். மகனின் அறைச் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து கேட்டுப் பழகிய காதுக்கு எல்லாம் ஒரே இரைச்சலாம்.

ஸெய்னுதீன் அவர் உட்காரக் கதிரையை இழுத்துப் போட்டான். அவர் உள்ளே வரவில்லை. தேத்தண்ணி சொல்லட்டுமா என்றான். வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

"எங்கட தேத்தண்ணி உங்களுக்கு இறங்காதோ?" என்று சீண்டிப் பார்த்தான்.

"அதில்லைத் தம்பி. நான் இதிலயே நிக்கிறன்."

நிற்கிறவர் நிற்கட்டும். ஹேலைப் பற்றிக் கேட்க ஒருவர் தேடி வந்திருக்கிறார். அது போதும் ஸெய்னுதீனுக்கு.

முதல் இசைத்தட்டை உறையிலிருந்து உருவினான். இதில் ஹேல் ஒரு சுரத்தைப் பிடித்தால் விடமாட்டான் என்றான். சீனக்குடாவில் கப்பல் ஊதி ஓய்ந்த பிறகும் ஊதல் தண்ணீருக்கு மேலே தொங்கிக்கொண்டு நிற்குமே, அப்படி நிற்கும். புளூஸ் இசை என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு ஸெய்னுதீன் விளக்கம் சொல்வதில்லை. இதைத்தான் போட்டுக் காட்டுவான்.

"ஆனா, திறம் எண்டா இதுதான்."

அடுத்த தட்டைத் துடைக்கும்போது அவன் குரலே தணிந்துவிட்டது. ஒரு அறை, ஒரு கிற்றார், ஒரு ஆள். வேறு ஒன்றும் இல்லை. ஹேல் இருந்த கதிரை கிரீச்சிடுவது கூடக் கேட்கும். அடுத்த சுரம் எப்போது வரும் என்று நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க, அவன் அவசரமே இல்லாமல் அதைத் தன்னிடம் வைத்துக்கொண்டிருப்பான். கொடுக்கும்போது, இவ்வளவு நேரமும் காத்திருந்தது இதற்குத்தான் என்று இருக்கும்.

"உலகத்தில இதுக்கு மேல ஒண்டுமில்ல ஐயா. ஒருத்தன் மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டான்."

"ஆர்?"

"லிங்கநகரால சைக்கிள்ல வருவான் ஒரு பெடியன். துறைமுகத்தில வேலை. அஞ்சு கம்பி எண்டுதான் இஞ்ச பேர்."

பெரியவர் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏன் அந்தப் பேர்?"

சொல்வதை விடப் போட்டுக் காட்டலாம் என்று ஸெய்னுதீன் மூன்றாவது தட்டில் ஊசியை இறக்கினான். மேடையில் வாசித்தது. சனங்களின் கூச்சல், அதற்கு மேலே ஹேலின் ஓட்டம். பாதியில் டங்கென்று ஒரு கம்பி அறுந்தது. மேளக்காரன் தடுமாறினான். அந்த வெறுமைக்குள் ஹேல் சிரித்தான். பெரிய சிரிப்பு. சிரிப்பு அடங்குமுன்னே மிச்சமிருந்த ஐந்து கம்பியில் தொடங்கிவிட்டான். அறுந்த கம்பியில் இருந்த சுரங்களை மற்றக் கம்பிகளில் தேடித் தேடிப் பிடித்தான். சில இடங்களில் பிடிபடவில்லை. அந்த இடங்கள்தான் இன்னும் வடிவாக இருந்தன. அதை மட்டும் ஸெய்னுதீன் பெடியனிடம் இன்றுவரை ஒப்புக்கொண்டதில்லை.

பெரியவரின் கால்கள் வெளியில்தான் நின்றன. தலை மட்டும் கடைக்குள் வந்திருந்தது.

"'ஆறு கம்பியும் இருந்தா ஆரும் வாசிப்பான், ஸெய்னுதீன் நானா' எண்டு சண்டைக்கு வருவான். என்ட கதிரைப் பாட்டை, மர வாங்கில படுத்து நித்திரை கொள்ளுற பாட்டு எண்டு பகிடி பண்ணுவான்."

"அப்பிடியோ சொன்னவன்?" பெரியவர் இன்னும் கொஞ்சம் உள்ளே சாய்ந்தார். "வேற என்ன சொல்லுவான்?"

இப்படிக் கேட்கிற ஆள் ஸெய்னுதீனுக்குக் கிடைத்ததே இல்லை. பெடியன் மேசையில் தாளம் தட்டியதையும், கம்பி அறுகிற இடம் வரும்போது கடையில் இருக்கிற எல்லோரையும் வாய் பொத்தச் சொன்னதையும், தானே ஹேல் மாதிரிச் சிரித்ததையும் அபிநயத்தோடு சொல்லிக்கொண்டே போனான்.

"இதையே பதிஞ்சு தாங்கோ," என்றார் பெரியவர்.

ஸெய்னுதீனுக்கு முகம் தொங்கிவிட்டது.

"அவன்ட கதையைக் கேட்டு எடுக்காதீங்க ஐயா. நான் பத்து நாளாக் கொழும்பில நிண்டு நேற்றுத்தான் வந்தனான், இன்னும் ஆளைக் காணேல்ல. சனிக்கிழமை கட்டாயம் வருவான். வந்து நில்லுங்க, ரெண்டு பேரும் உங்களுக்கு முன்னால அடிபட்டு ஒரு முடிவுக்கு வாறம்."

பெரியவர் சுழலும் தட்டைப் பார்த்தபடி சொன்னார்.

"அப்ப கசற்றின்ர மற்றப் பக்கத்தில உங்கட கதிரைப் பாட்டைப் போடுங்கோ. ரெண்டையும் வைப்பம்."

"எங்க வைக்கிற?"

"படையலில. அவனுக்குப் பிடிச்ச மற்றதெல்லாம் தாய்க்குத் தெரியும் தம்பி. இதுதான் வீட்டில ஒருத்தருக்கும் தெரியேல்ல. சனிக்கிழமை அவனைப் பாத்துக்கொண்டு இருக்காதேங்கோ. நாளைக்கு அவன் போய் எட்டாம் நாள்."