பூட்டிய கடையில் எடை

பூக்கடையில் பில் போடுவது நின்று மூன்று மணி நேரம் ஆகிறது. கணினியின் நினைவகத்தில் துளி இடமில்லை. ஈரச் சாக்கின் மேல் குவித்த பிச்சி மொட்டுகள், வாசல் வெயிலில் மெல்ல விரிகின்றன. மகாராஜன் அண்ணாச்சி, பில் போடும் இசக்கித்துரையைத் திட்டிக்கொண்டே இருக்கிறார். "படமா இறக்கி ரொப்பிட்டியேலே! நாளையிலிருந்து தியேட்டருக்கே வேலைக்குப் போ." "சத்தியமா இல்ல அண்ணாச்சி." அவன் என்னைப் பார்க்கிறான். கணினியைச் சரிபார்க்க வந்த நான் தலையைக் குனிந்துகொள்கிறேன். திரையில் என் ஸ்கிரிப்ட் ஓடுகிறது. மின்தராசு காட்டும் எடையெல்லாம் பதிவாகும் லாக் கோப்புகளிலிருந்து, கடை பூட்டியிருந்த நேரத்து வரிகளை மட்டும் அது பிரித்தெடுக்கிறது. நொடிக்கு ஒரு வரியாக, இடத்தையெல்லாம் அடைத்துக் கிடக்கும் ஒரு வருடத்து இரவுகள். எல்லா வரியிலும் நாற்பது கிராமுக்குச் சற்று முன்பின். அது என்னவென்று எனக்குப் புரிந்துவிட்டது; கடை அடைக்கும் நேரத்தில் பூ வாங்க வந்து பார்த்திருக்கிறேன். சொல்லத்தான் வாய் வரவில்லை. பழைய கோப்புகளைச் சுருக்கி ஒதுக்கும் கட்டளையைத் தட்டுகிறேன். பிரிண்டர் கரகரவென்று முதல் பில்லைத் தள்ளுகிறது. "பாத்தியா, படத்த அழிச்சதும் ஓடுது" என்கிறார் அண்ணாச்சி. இசக்கித்துரை தன் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு, வேலையை விட்டே போகிறவனாகப் படியிறங்குகிறான். நான் எழுந்து நிற்கிறேன். "படம் ஒண்ணுகூட இல்ல அண்ணாச்சி." என் குரல் கடை முழுக்கக் கேட்கிறது. "ராத்திரி கண்ணேறுக்குன்னு தராசு மேல நீங்க எலுமிச்சம்பழம் வைக்கீங்கள்லா, அதைத்தான் அது விடிய விடிய எடை போட்டிருக்கு."